பழைய பலகைக்குப் புதுப் பலகையின் விலை: சாட்ஸ்வொர்த்தில் ஆர்கேடு பெட்டி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் வட்டாரத்தில், வீட்டிலேயே ஆர்கேடு பெட்டி (கடைகளில் காசு போட்டு நின்றபடி ஆடும் வகை வீடியோ கேம் பெட்டி) செய்பவர்கள் ஜாய்ஸ்டிக் எனும் ஆட்டக் கைப்பிடியின் இணைப்பு வேலையை வெளியாரிடம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். மரவேலையை நானே முடித்து, கம்பி வேலையை மட்டும் அங்குள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடையில் ஒப்படைத்திருந்தேன்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், யாரும் தொடாமலேயே திரையிலிருந்த உருவம் இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால்தான் நின்றது. இரண்டாம் ஆட்டக்காரரின் மூன்றாம் பொத்தான் முதல் எதுவும் வேலை செய்யவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது, என்கோடர் பலகை (கைப்பிடி, பொத்தான்களின் அசைவைக் கணினிக்குச் சொல்லும் மின்சுற்றுப் பலகை) எரிந்துவிட்டதாகச் சொல்லி, புதுப் பலகைக்கும் கூலிக்குமாக 1,450 ரேண்ட் வாங்கிக்கொண்டார்கள். பழுது அப்படியே இருந்தது.

தள்ளினால் நிற்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் திசைக்கு ஒன்றாக இருக்கும் மைக்ரோசுவிட்ச் எனும் சிறு சுவிட்சுகள் ஒவ்வொன்றிலும் மூன்று முனைகள் உண்டு: பொது முனை, அழுத்தும்போது இணையும் முனை, அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனை. பலகைக்குப் போகும் கம்பி இரண்டாவதில் இருக்க வேண்டும். எனக்கு மூன்றாவதில் செருகியிருந்தார்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் அடித்தண்டு எதிர்ப்பக்கம் சாய்வதால் அழுந்துவது வலப்புறச் சுவிட்ச் என்பதை மறந்து, தவறான சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பொத்தான்களின் கதை இன்னும் எளிது. பொதுக் கம்பி ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போகிறது; 4.8 மில்லிமீட்டர் முனையில் 6.3 மில்லிமீட்டர் செருகியை மாட்டியிருந்ததால் மூன்றாவதற்குப் போகும் இணைப்பு கழன்று, அதற்கு அப்பாலுள்ளவை அனைத்தும் செத்துக் கிடந்தன. மின்னளவுக் கருவியான மல்டிமீட்டரில், இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் சோதனையில் இரண்டையும் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

என்னைக் கொதிக்க வைத்தது கம்பி வேலையன்று. ‘புது’ப் பலகையின் ஓரத்தில், கடையில் கொடுக்குமுன் நான் போட்ட நீல மார்க்கர் கோடு அப்படியே இருந்தது. பழைய பாகம் எங்கே என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளரே வேண்டாம் என்று சொன்னாலன்றி, கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். பொருத்திய புதுப் பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதமும் உண்டு. அந்தக் கடைக்காரரிடம் பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேட்டிருக்கிறேன். வாங்கிய தொகை முழுவதும் கூலிதான் என்று இப்போது சாதிக்கிறார். அவர் கைப்பட எழுதிய ரசீதில் ‘புதிய பலகை’ என்றே இருக்கிறது.