“நல்லா காஞ்ச மரம்ண்ணே” என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

மதுரைப் பக்கம் மரத்தில் பொம்மையோ மாடலோ செதுக்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மரக்கடைக்குப் போங்கள். எனக்குப் போனது ஏழு மாத உழைப்பும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயும். கடைகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கையில் பில் இல்லாமல் பெயர் சொன்னால் வம்பு நமக்குத்தான்.

நான் செய்தது கேட்டலினா. தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்புகிற விமானம். வைகையே பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஊரில் உனக்கெதற்குக் கடல் விமானம் என்று கேட்காத ஆள் இல்லை. காரணம் என் தாத்தா. இரண்டாம் உலகப்போரின்போது சென்னைக்கு வெளியே செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படை கேட்டலினாக்களை வைத்திருந்தது. அவர் அப்போது அந்தப் பக்கம் வேலையில் இருந்தார். அது ஏரியைக் கிழித்துக்கொண்டு எழும்புவதை வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். 1942 ஏப்ரலில் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துத் தகவல் அனுப்பியதும், அங்கே கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான்.

அசலின் இறக்கை முனைக்கு முனை 104 அடி. 48-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் சரியாக 26 அங்குலம். நீளம் 16 அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டுகிற வேலை இல்லை இது. முழுக் கட்டையில் பக்கவாட்டுப் படத்தையும் மேல்படத்தையும் ஒட்டி அறுத்து, உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் குறுக்குவெட்டு அட்டை வெட்டி, அதை வைத்துப் பார்த்துப் பார்த்து உளியால் எடுக்க வேண்டும். மாடல் செய்ய எடுக்கிற பஞ்சு மாதிரி லேசான பால்சா மரம் நம் ஊரில் யானை விலை. குமிழ் மரம் போதும். கனமில்லை, உளிக்குப் பணியும், லேசில் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் காய்ந்திருக்க வேண்டும்.

அங்கேதான் விழுந்தேன். தீபாவளி கழிந்து, மழை விட்ட ஒரு நாள் மரக்கடைக்குப் போனேன். மூன்றங்குலத்துக்கு மூன்றங்குலம், ஒன்றரை அடிக் கட்டை. இரண்டு முனையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தது.

“காஞ்சதாண்ணே?”

“ரெண்டு வருசமா கிடக்குது தம்பி. எலும்பு மாதிரி இருக்கும். முனை வெடிக்கக் கூடாதுன்னுதான் பெயின்ட் அடிச்சிருக்கு.”

முனையில் பெயின்ட் அடிப்பது நல்ல வழக்கம்தான். முனை வழியாகத்தான் ஈரம் சீக்கிரம் வெளியேறும், அதனால் அங்கே வெடிப்பு விழும். ஆனால் அதே பெயின்ட் மரத்தின் வளர்ச்சி வளையங்களையும் மறைத்துவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இறக்கைக்கு ஒரு பலகையும் சேர்த்து 1,150 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் போட்டால் கூட ஆகும் என்றார், நானும் தலையாட்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

வீட்டில் முனையை அறுத்தபோது வளையங்கள் முழு வட்டமாக, நட்டநடுவில் புள்ளியோடு தெரிந்தன. அதாவது மரத்தின் நடுமையம் என் கட்டைக்குள்ளேயே இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில், வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நடுமையம் உள்ளே இருக்கிற கட்டைக்கு அந்த இழுப்பை வெடித்துத் தீர்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இரண்டு பாதியாக அறுத்து ஒட்டிச் செய்திருந்தாலாவது தப்பியிருக்கும். இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

தை, மாசி, பங்குனி முழுக்கச் செதுக்கினேன். கேட்டலினாவின் அழகே அடிவயிறுதான். படகு மாதிரி கூர்ந்து வந்து, நடுவில் ஒரு படி விழும். அந்தப் படி இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், விமானம் மேலே எழும்பாது. என் மாடலில் அது ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழம்தான். அந்த ஒரு நூலை நேர்விளிம்பாக எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. சித்திரையில் வெள்ளை பெயின்ட் அடித்து அலமாரியில் வைத்தேன்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்தவனை ‘டக்’ என்ற சத்தம் எழுப்பியது. மூக்கிலிருந்து இறக்கைக்கு அடி வரை ஒரு வெடிப்பு. ஐம்பது காசு நாணயத்தைச் செருகினால் நிற்கிறது.

கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். “நீங்க வெயில்ல வச்சிருப்பீங்க” என்றார். சரி என்று அதே அடுக்கிலிருந்து, அதே ‘எலும்பு மாதிரி’ வசனத்தோடு, கையளவு துண்டு ஒன்று வாங்கி வந்தேன். தராசில் 286 கிராம். கேக் சுடும் மின் அடுப்பில் 100 டிகிரியில் விட்டு விட்டு இரண்டு நாள் வைத்தேன். எடை இறங்கி இறங்கி 214-ல் நின்றது. 72 கிராம் தண்ணீர். உலர்ந்த மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு! நம் வீட்டுக்குள் வைக்கிற மரத்தில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. திரும்பப் போய் எண்ணைச் சொன்னபோது, “மரத்த அடுப்புல வச்சா பாப்பாங்க?” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். ஆனால் நான் எதைக் காட்டுவது, கிறுக்கல் சீட்டையா?

இரண்டாவது ஆள் இதற்கும் மேல். வெடிப்பைச் சரிசெய்து புதிதாக ஃபினிஷ் போட, மேஜை நாற்காலிக்கு பாலிஷ் போடும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய பெயின்ட்டைக் கையாலேயே எடுக்க வேண்டும், வெடிப்புக்குள் அதே மரத்தில் சிம்பு வைத்து ஒட்ட வேண்டும், அடிப்பக்கப் படியைத் தொடவே கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். “நம்ம பாக்காத வேலையாண்ணே?” மூவாயிரம் வாங்கிக்கொண்டார். பத்து நாள் என்றது நாற்பது நாளானது.

வாங்கப் போனபோது பளபளவென்று இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷம் மயங்கிவிட்டேன். ஆட்டோவில் மடியில் கவிழ்த்துப் பார்க்கிறேன், படியைக் காணோம். மெஷின் வைத்து ஒரே தேய்ப்பு. கூர்விளிம்பெல்லாம் மழுங்கி, அடிவயிறு சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. சிம்பாவது வைத்தாரா என்று நகத்தால் சுரண்டினால் காருக்குப் பூசுகிற பட்டி (putty) உதிர்கிறது. மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்க, அதன் மேல் கல் மாதிரி இறுகுகிற பட்டி. ஆடி முடிவதற்குள் பட்டியின் இரண்டு ஓரத்திலும் கோடு விழுந்து பெயின்ட் தூக்கிவிட்டது.

அப்புறம்தான் எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். முதலிலேயே போயிருக்கலாம், வீட்டுக்கு வீடு கதவு மாட்டுகிறவரிடம் பொம்மை விமானத்தைக் கொண்டுபோகக் கூச்சம். அடுப்பில் வைக்காமல் மீந்திருந்த துண்டு ஒன்றை எடுத்து விரலால் தட்டச் சொன்னார். பக்கத்தில் ஒரு பழைய ஜன்னல் கட்டையையும் தட்டச் சொன்னார். பழையது ‘டங்’ என்கிறது, என் துண்டு ‘மொத்து மொத்து’ என்கிறது. “கன்னத்துல வச்சுப் பாருங்க தம்பி. ஈரக்கட்ட சில்லுன்னு இருக்கும்.” இருந்தது. இதற்கா நான் இரண்டு நாள் கரன்ட் செலவழித்தேன்! ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானி இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது மேல்தோலைத்தான் சொல்லும். கடைக்காரரை அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தில் குத்துங்கள். அறுக்க மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். முனைப் பெயின்ட்டையும் ஒரு நூல் சீவிக் காட்டச் சொல்லுங்கள். ‘காய்ந்த மரம்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்போது ஆசாரி கொடுத்த பழைய நிலைக்கால் துண்டு ஒன்று அலமாரியில் காத்திருக்கிறது. ஞாயிறுதோறும் எடை போட்டு தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே எண். அடுத்த வாரம் உளி வைக்கலாம்.

இறக்கை தப்பிவிட்டது. ஆனால் இறக்கை முனையில் தொங்கும் மிதவை இரண்டில் இடதுபக்கத்து மிதவை பட்டறையிலேயே தங்கிவிட்டது. நாலு தடவை போய்க் கேட்டாயிற்று, “அடுத்த வாரம் தேடித் தர்றேண்ணே” என்கிறார். யாராவது நாற்காலிக்கு பாலிஷ் போடப் போன இடத்தில், இரண்டரை அங்குல நீளத்தில் வெள்ளையாக, குட்டிப் படகு மாதிரி, இரண்டு பித்தளைக் கம்பி நீட்டிக்கொண்டு ஏதாவது கிடந்தால் அது என்னுடையதுதான்.