விடுமுறை வேதாகமப் பள்ளியா, தங்கும் முகாமா?

12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு என் ஓட்டு தங்கும் முகாமுக்குத்தான். விடுமுறை வேதாகமப் பள்ளி என்ற பகல் வகுப்பு தினமும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்: பாட்டு, மனப்பாட வசனம், கைவேலை, வீடு. சின்னப் பிள்ளைகளுக்கு அருமை. இந்த வயதினரோ பாட்டுக்குக் கையசைக்கவே கூச்சப்படுவார்கள்.

முகாமில் காலையில் தனித்தியானம்; வேதாகமத்தில் சங்கீதப் புத்தகமோ, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷமோ எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்காரலாம். அப்புறம் சிறுகுழு வேதபாடம், மதியம் விளையாட்டு, இரவில் தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடலும், தங்கள் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சியும். பிரசங்க நேரத்தில் வாயே திறக்காத பிள்ளை, தட்டு கழுவும்போது குழுத்தலைவரிடம் மெல்லச் சந்தேகம் கேட்கும். பகல் வகுப்பில் அதற்கு இடைவெளியே கிடையாது.

முதல் இரவு வீட்டு ஏக்கம் வரும், சரி. வெளியில் தங்கிப் பழகாத பிள்ளையை இந்த வருடம் பகல் வகுப்புக்கே அனுப்புங்கள். முகாம் என்றால், இரவில் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.