மூன்று வருஷமாக ஓடும் 2 எச்பி பம்ப்: நண்பனுக்குச் சொன்ன பதில்

போன வாரம் என் நீச்சல் குளத்துப் பம்பில் மெக்கானிக்கல் சீலை (தண்ணீர் மோட்டார் பக்கம் கசியாமல் தடுக்கும் பாகம்) மாற்றினேன், மூன்று வருஷத்தில் இது இரண்டாவது தடவை. கை ஈரம் காயும் முன்பே ஆனைமலைப் பக்கம் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டும் நண்பன் போன் செய்து, "மாப்ள, எத்தனை எச்பி வாங்கறது?" என்றான். கடையில் நானும் இதையேதான் கேட்டேன். கடைக்காரர் குளத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் 2 எச்பியைத் தூக்கிக் கொடுத்தார், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

என் குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றேகால், ஆக 40,000 லிட்டர். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் அத்தனை தண்ணீரும் ஒருமுறை மணல் ஃபில்டருக்குள் போய் வரவேண்டும், அதற்கு மணிக்கு 5,000 முதல் 6,700 லிட்டர் போதும். பம்ப் அட்டையில் இருப்பதோ 20,000க்கு மேல்!

உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்தே பார்த்தேன். பேக்வாஷ் (குளத்துத் தண்ணீரை மணல் வழியே தலைகீழாக ஓட்டி, அழுக்கோடு வெளியே விடுவது) முடித்து, மணல் சுத்தமான பிறகும் அதே நிலையில் பத்து நிமிஷம் விட்டு, ஸ்கிம்மர் (மேல் தண்ணீரை உறிஞ்சும் வாய்) பக்கத்து டைல்ஸில் மகளின் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 320 லிட்டர். இறங்கியது 6.2 சென்டிமீட்டர், அதாவது மணிக்கு சுமார் 11,900 லிட்டர். மீதியைக் குளத்திலிருந்து பம்புக்கு வரும் ஒன்றரை இன்ச் சக்ஷன் பைப் விடவில்லை, அதனால்தான் பம்புக்குள் ஜல்லி உருள்வது போன்ற சத்தம். வந்த தண்ணீரே 20 இன்ச் ஃபில்டருக்கு அதிகம், அது மணலைத் துளைத்து ஓடி அழுக்கைத் திரும்பக் குளத்துக்கே கொண்டுவந்தது. நான் ஒரு வருஷம் குளோரினைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் உள்ள வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, பத்து நிமிஷத்துக்கு 3.5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன், மணிக்கு 6,720 லிட்டர். மூன்றாம் நாள் தரை டைல்ஸின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன, ஜல்லிச் சத்தமும் நின்றது. ஆனால் தண்ணீர் குறைந்த அளவுக்கு கரண்ட் குறையவில்லை.

மோட்டாரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மூன்று கோடையும் தாங்கியது, லோ வோல்டேஜிலும் காயில் போகவில்லை, குப்பை பிடிக்கும் கூடையின் மூடி கையாலேயே திறக்கிறது. இருந்தும் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், இந்த மாத கரண்ட் பில் பக்கத்தில் கிடக்கிறது.

நண்பனிடம் சொல்லிவிட்டேன்: உன் குளமும் 40,000 லிட்டர்தான் என்றால் முக்கால் எச்பி போதும், மிச்சப்படும் காசில் ஃபில்டரை 24 இன்ச்சாக வாங்கு. சக்ஷன் பைப் மட்டும் இரண்டு இன்ச்சுக்குக் குறையவே கூடாது, கான்கிரீட் போட்ட பிறகு அதை மாற்ற முடியாது, நாளைக்குக் காலையிலேயே பிளம்பரிடம் பேசிவிடு.