வீட்டிலேயே மாற்றிய கார் ஏ.சி. கம்ப்ரசர்: ஒரு கோடைக்குப் பின்

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடை ஒன்றில் வாங்கி, ஏப்ரல் மாதத்தில் வீட்டு வாசலிலேயே என் காரில் பொருத்திய ஏ.சி. கம்ப்ரசரை (குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) பற்றி, கத்திரி வெயில் முடியும்வரை ஓட்டிப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இதற்கு முன் ஓர் ஒர்க்‌ஷாப்பில் மாற்றிய கம்ப்ரசர் நான்கே மாதங்களில் இறுகிப்போனது. அதைக் கழற்றியபோது குழாயிலிருந்து வடிந்த ஆயில் கறுத்திருந்தது; விரலில் தேய்த்துப் பார்த்தால் வெள்ளி நிறத் துகள்கள் மினுங்கின. அதற்கும் முந்தைய கம்ப்ரசர் தேய்ந்து உதிர்த்த உலோகத்தூளை அகற்றாமலேயே அன்று புதியதை மாட்டியிருக்கிறார்கள்.

புதிய கம்ப்ரசரின் தரத்தில் எனக்குக் குறையில்லை. அடைப்பைத் திறந்ததும் உள்ளே நிரப்பியிருந்த நைட்ரஜன் ‘உஸ்’ என்று வெளியேறியது. அந்தச் சத்தம் வராவிட்டால் ஈரக்காற்று புகுந்திருக்கக்கூடும் என்பதால், பொருத்தாமல் திருப்பிக் கொடுப்பதே நல்லது. போல்ட் துளைகள் பிராக்கெட்டில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன, புல்லியும் பெல்ட்டும் ஒரே நேர்கோட்டில் நின்றன. கம்ப்ரசரைத் தேவைக்கேற்ப இயக்கி நிறுத்தும் கிளட்ச்சின் ஒயர் நீளம் மட்டும் சற்றுக் குறைவு. கனெக்டரை மாட்டுவதற்குச் சிரமப்பட்டேன்.

ஆனால் கம்ப்ரசரை மட்டும் வாங்கினால் போதும் என்று யாரும் எண்ண வேண்டாம். கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் பாகமான இக்காலக் கண்டன்சரின் நுண்ணிய குழல்களில் சிக்கிய தூளைக் கழுவி எடுக்க முடியாது என்பதால், கண்டன்சர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சுவது), எக்ஸ்பான்ஷன் வால்வு (அழுத்தத்தைக் குறைத்துக் கேஸைக் குளிர்விப்பது), எல்லா ஓ-ரிங்குகள் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றினேன். டிரையரையும் மாற்றியதற்கான பில் இல்லாமல் கம்ப்ரசரின் வாரண்டி செல்லாது என்று வாரண்டி அட்டையிலேயே அச்சிட்டிருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

வேலையைத் தொடங்கும் முன், பழைய கேஸை மீட்பு இயந்திரம் உள்ள இடத்தில் எடுக்கச் செய்தேன். ஆர்-134ஏ என்ற அந்தக் கேஸ் ஓசோனைக் கெடுப்பதில்லை என்றாலும், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பதால், தோலில் பட்டால் பட்ட இடம் உறைந்துவிடும். அதை வாசலில் திறந்துவிடுவது பெரும் தவறு.

அளந்து ஊற்றிய ஆயில் எல்லா இடத்துக்கும் பரவும்படி கம்ப்ரசரின் முன்தகட்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினேன். குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க, வாடகைக்கு எடுத்த வேக்கம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டி, அணைத்த பின் அரை மணி நேரம் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை, அதாவது கசிவு இல்லை என்று உறுதியான பிறகே, பானட்டின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் கண்ட எடையளவுக்குக் கேஸ் நிரப்பினேன்.

வெளியே 37 டிகிரி வெயில் அடித்த மே மாத மதியத்தில், நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது. சிக்னலில் நிற்கும்போது அது 11 வரை ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. கிளட்ச் பிடிக்கும்போது முன்பு கேட்ட உரசல் சத்தம் இப்போது அறவே இல்லை.