டார்ம் பங்க் பெட்டா, கிறிஸ்துமஸுக்கு அஞ்சு ஸ்டாரா?

நானும் வீட்டுக்காரியும் பேக்பேக் தூக்கிட்டு சுத்துற ஆளுங்க, நைட் பஸ்ல தூங்கினா ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம்னு கணக்கு போடுற கேஸு. டார்ம்ல, அதாவது பேக்பேக்கர் ஹாஸ்டல்ல பல பேர் சேர்ந்து தங்குற ரூம்ல, மேல் பெட்ல அவ, கீழ நான், நடு ராத்திரில யாராவது பிளாஸ்டிக் கவரை சரசரன்னு உருட்டிட்டே இருப்பாங்க, ஆனா காலைல காமன் கிச்சன்ல முட்டை பொரிக்கிறப்போ பக்கத்துல நிக்கிறவர் சொல்ற ரூட் டிப்ஸ் எந்த ரிசப்ஷன்லயும் கிடைக்காது.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் ரெண்டு நாள் பெரிய ஹோட்டல். வெள்ளை பெட்ஷீட், பாத்டப், அதுலயும் துவைச்ச சாக்ஸை டவல் கம்பில காயப்போட்டோம், பழக்கம் விடல! ஒண்ணு மட்டும் கவனிங்க, சில ரிசார்ட்ல டிசம்பர் 24 காலா டின்னர் (பண்டிகை ஸ்பெஷல் விருந்து) கட்டாயம், அதுக்கு தனி சார்ஜ்.

என்னைக் கேட்டா சுத்துறதுக்கு ஹாஸ்டல்தான். ஆனா லண்டன் மாதிரி ஊர்ல 25ஆம் தேதி ட்யூபும் (அங்க மெட்ரோ ரயில்) ஓடாது பஸ்ஸும் ஓடாது, முக்காவாசி கடையும் மூடியிருக்கும், எப்படியும் ரூம்லயே கெடக்கணும்னா அது நல்ல ரூமா இருக்கட்டுமே. அவ கட்சி வேற, அந்த காசுல இன்னும் பத்து நாள் சுத்தியிருக்கலாம்ங்கிறா.