முல்லைத்தீவுக் கடலும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்

இலங்கையின் வடக்கில் இருக்கும் முல்லைத்தீவில் கடலுக்குக் குறைவில்லை. நிழல், கழிப்பறை, உப்புக் கழுவ நல்ல தண்ணீர், பிள்ளைகள் மேல் ஒரு கண் வைத்திருக்க ஊர் ஆள், இவைதான் தானாக வராது. சுவிஸில் ஏரிக்கரைக்குப் போனால் இதெல்லாம் கட்டிவைத்தபடி இருக்கும். அதே நினைப்பில் மூன்று வயதும் ஏழு வயதுமான பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வன்னிக் கடற்கரையில் இறங்கினால், அரை மணித்தியாலத்தில் வான் வண்டிக்குத் திரும்பி ஓட வேண்டி வரும். நாங்கள் ஓடவில்லை. அந்தப் புண்ணியம் கிளிநொச்சியில் இருக்கும் மாமிக்கும் அவருடைய கைபேசிக்கும் சேரும்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று, வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதுதான் நல்லது. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கும். ஐரோப்பியப் பள்ளி விடுமுறையான ஆடியும் ஆவணியும் இந்த அடக்கத்துக்குள் வந்து விழுவது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் அடங்கின கடலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆடியில் அடிப்பது சோளகம், தென்மேற்கிலிருந்து வரும் காற்று. முல்லைத்தீவுக் கரையோ வடகிழக்கைப் பார்த்தபடி இருக்கிறது. அப்படியென்றால் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீர் குளம்போலத் தட்டையாகத் தெரியும். அந்தத் தட்டையை நம்பிக் காற்றடைத்த வளையத்திலோ ஊதின முதலைப் பொம்மையிலோ பிள்ளையை உட்காரவைத்து விட்டால், கை நழுவியதும் பயணம் நேரே பர்மாப் பக்கம்தான். நாங்கள் நின்ற இடத்தில் வலை திருத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் மகனின் பந்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பந்து போனால் போகட்டும், பின்னால ஒருத்தரும் நீந்திப் போகாதேங்கோ" என்றார். அதன் பிறகு பந்து வானுக்குள்ளேயே இருந்தது. சுவிஸிலிருந்து பெட்டியில் இடம்பிடித்து வந்த வளையங்களும் மாமி வீட்டிலேயே தங்கிவிட்டன. வாளியும் அகப்பையும் போதும்.

போகும் வழி எளிது. முல்லைத்தீவுக்கு ரயில் கிடையாது, ரயிலில் வருகிறவர்கள் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இறங்கிவிட வேண்டும். ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக, பரந்தனில் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

வானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வெளிநாட்டுப் புலத்திலிருந்து போகிறவர்கள் அதிகம் மனஸ்தாபப்படுவது அதில்தான். விலை பேசும்போது நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, டீசல் யார் பொறுப்பு, சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்டால் ஒருவரும் குறை நினைப்பதில்லை. கேட்காமல் இருந்துவிட்டுப் பின்னேரம் முகத்தைத் தூக்குவதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. பின் இருக்கைகளில் பாதுகாப்புப் பட்டி இருக்கிறதா என்று முதல் நாளே வானைப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு வந்த முதல் வானில் பட்டிகள் இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்திருந்தன. சாரதித் தம்பி சிரித்துக்கொண்டே இழுத்தெடுத்துத் தூசி தட்டித் தந்தார். பிள்ளை இருக்கையை வாடகைக்குக் கேட்டால் விழிப்பார்கள், எனவே உயர்த்தி இருக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். எங்கள் மூன்று வயதுக்காரி அதில் ஏறி உட்கார்ந்து ஊரையே விலைக்கு வாங்கினவள் மாதிரி வந்தாள்.

முந்தின இரவே கடற்கரைப் பக்கம் தங்கிவிட்டால் விடியற்காலையில் இறங்கலாம் என்பதுதான் எங்கள் முதல் திட்டம். இணையத்தில் ஒரு விடுதி எடுத்தோம். படத்தில் ஜன்னலுக்கு வெளியே நீலக் கடல். நேரில் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வளவு மதில். கடல் எங்கே என்று கேட்டதற்கு, "ஓட்டோவில் போனால் கிட்டத்தான்" என்றார்கள். சரி, அதையாவது பொறுக்கலாம். தண்ணீர் மோட்டார் பழுது, நாளைக்குத்தான் ஆள் வருவார் என்றதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டோம். முன்பணம் இன்னும் "அனுப்புகிறோம்" நிலையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒழுங்கான விடுதிகளும் இருக்கின்றன, உறவினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால் எடுக்கலாம். படத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளோடு போய் இறங்காதீர்கள்.

மாமி தொலைபேசியை எடுத்தார். அவரோடு ஒரு காலத்தில் படிப்பித்த ரீச்சரின் தங்கை வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறதாம். "காலமை வாங்கோ, குளிச்சிட்டுச் சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று பதில் வந்தது. இதைவிடப் பெரிய வசதி அந்தக் கரையில் எந்த விலைக்கும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். சுத்தமான கழிப்பறை, பூவரச மர நிழல், கிணறு, பிள்ளை நித்திரையானால் கிடத்த ஒரு பாய். ஒரு குடும்பத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காசு விஷயம்தான் சங்கடம். நேரில் நீட்டினால் வாங்க மாட்டார்கள், மனம் நோகும். வாங்காவிட்டால் எங்களுக்கு நோகும். மாமி சொல்லித்தந்த வழி இது: மீனும் மரக்கறியும் வாங்கும் காசை முதல் நாளே, தொடர்பு ஏற்படுத்தித் தந்தவர் மூலம் "சமையல் சாமானுக்கு" என்று அனுப்பிவிட வேண்டும், கொஞ்சம் தாராளமாகவே. அதற்கு மேல் கொடுக்க விருப்பமென்றால் வீட்டுப் பிள்ளையின் கையில் கொப்பி, பென்சிலுக்கென்று வைக்கலாம். ஒரு பெட்டி சொக்லேட்டோடு முடித்துக்கொண்டு வருகிற புலத்து வழக்கம் எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. ஒரு முழுக் குடும்பம் வந்து கிணற்றில் குளித்து, இருந்து சாப்பிட்டுப் போகும்போது அந்த வீட்டுப் பெண் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறார்.

கிளிநொச்சியிலிருந்து நிலம் வெளித்த பிறகே புறப்பட்டோம். இன்னும் முன்னதாகப் போகலாமே என்று கேட்டேன், சாரதி மறுத்துவிட்டார். பரந்தன் வீதியில் கட்டாக்காலி மாடுகள் இரவெல்லாம் தாரில் படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது என்றார். அவர் சொன்னது சரி, வெளிச்சத்திலேயே அவற்றைச் சுற்றிச் சுற்றித்தான் போனோம்.

அந்த வீதி முள்ளிவாய்க்காலைத் தாண்டி, வட்டுவாகலில் நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்தைக் கடந்துதான் முல்லைத்தீவுக்குப் போகிறது. 2009 மே மாதத்தில் அந்த வழியால் நடந்து வந்தவர்களில் மாமியும் ஒருவர். வானுக்குள் அவர் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகன் மட்டும், மாமி ஏன் கடலுக்குள் இறங்குவதில்லை என்று பிறகு கேட்டான். 2004 டிசம்பரில் இந்தக் கரையைச் சுனாமி அடித்ததைச் சொன்னேன். மற்றதை அவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்லலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் எதை, எவ்வளவு சொல்வது என்பதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போவது நல்லது. வழியில் அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கையும் உண்டு. வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை முழுதாக முடியவில்லை. ஆட்கள் நடமாடும், வள்ளம் இழுக்கும் திறந்த கரையில் மண் தோண்டி விளையாட நாங்கள் பயப்படவில்லை. பின்னால் பற்றைக்குள்ளும் ஆளில்லாத வளவுகளுக்குள்ளும் போகக் கூடாது, இரும்புத் துண்டு எது கிடந்தாலும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தோம். ஒண்ணுக்கு வந்தால் பற்றை ஓரம் என்ற கதையும் கிடையாது, வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீடு கிட்ட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரையில் உயிர்காப்பாளர் என்று எவரையும் நாங்கள் காணவில்லை. ஆகவே வலைக்காரரிடம்தான் கேட்டோம். எந்த இடம் ஆழம், எங்கே இழுப்பு என்று அவர்களுக்குத்தான் தெரியும். முழங்கால் தண்ணீருக்கு மேல் போவதில்லை, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில் என்பதுதான் எங்கள் சட்டம். படம் எடுக்கிறவர் அந்தக் கணக்கில் சேர மாட்டார். அலையே வேண்டாம், ஆழமில்லாத களப்புக்குப் போகலாம் என்று சிலர் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் சொல்வார்கள். பறவை பார்க்க அருமையான இடங்கள். ஆனால் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டம் பலம், பிள்ளைகளை அங்கே இறக்கவே கூடாது. குளங்களும் அப்படித்தான். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நடப்பது சுகம், ஆனால் வன்னிக் குளங்களில் முதலை உண்டு.

அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய கொண்டாட்டம் கரைவலை. தூரத்தில் வளைத்துப்போட்ட வலையின் கயிறு இரண்டு பக்கமும் கரைக்கு வர, ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க, கடைசியில் மடி கரையேறியபோது மகன் கத்தின கத்தலில் காகங்கள் எழும்பிவிட்டன. சூடையும் கீரியும் துள்ளின, நடுவில் ஒரு பாரை. இழுவைக் கயிற்றுக்குக் கிட்டப் பிள்ளைகளை விடாதீர்கள், அது திடீரென்று இறுகும். வலையில் சொறி என்கிற ஜெல்லிமீனும் வரும். கண்ணாடிபோல அழகாக இருக்கிறதே என்று தொட்டால் தோல் எரியும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி, என் மகனின் வாளிக்குள் நாலைந்து மீனைப் போட்டுவிட்டார். காசு கொடுக்கப் போனபோது, அதை இழுத்த பெடியளுக்குச் சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் மணல் சுடத் தொடங்கிவிட்டது. வெயில் கிறீமைப் புலத்திலிருந்தே கொண்டுபோங்கள். தொப்பியை விட, கழுத்தும் கையும் மூடுகிற நீச்சல் சட்டை நன்றாக வேலை செய்தது. பம்பர்ஸ், ஈரத் துடைப்பான், பால்மா எல்லாம் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கடைகளில் இருக்கின்றன, பெட்டி நிறையச் சுமக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனிப் பொட்டலம் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள். வெயிலில் வாடின பிள்ளைக்கு முதலில் இளநீர், அதைக் குடிக்க மறுத்தால் ஜீவனி. அவசரமென்றால் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது, எங்கே என்பதை முதலே சாரதியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிணற்றடி. உண்மையைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கடலை விட அதுதான் பிடித்தது. அந்த வீட்டு அக்கா வாளியால் அள்ளி ஊற்ற ஊற்ற, மகள் "இன்னும்" என்று நின்றாள். கரையோரக் கிணறு, தண்ணீர் கொஞ்சம் சவர். குளிக்க அது போதும், குடிக்கப் போத்தல் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம்.

சாப்பாட்டுக்கு உறைப்பில்லாமல் ஒரு கறி வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். இடியப்பம், பால்சொதி, பொரித்த மீன். பெரியவர்களுக்குத் தனியாக நண்டுக் குழம்பு, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. கடையில் சோற்றுப் பார்சல் எடுப்பதானால் "உறைப்பு வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் கணக்கில் உறைப்பில்லாதது எங்கள் பிள்ளைகளுக்கு நெருப்பு. பருப்பும் சொதியும் மட்டும் தனியாகக் கட்டித் தரக் கேளுங்கள்.

திரும்பும்போது ஒட்டுசுட்டான் வழியாக வந்தோம், பாலைப்பழம் தேடி. ஆனி, ஆடியில் காட்டிலிருந்து பிடுங்கி வந்து வீதியோரம் விற்பார்கள். மஞ்சள் பழம், பல்லில் பால் ஒட்டும், பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளித்துவிட்டுப் பிறகு சண்டை பிடிப்பார்கள். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பொழுதுபடுவதற்குள் மாங்குளம் வந்துவிட வேண்டும்.

வானுக்குள் கொட்டின மண்ணையும் மீன் வாளியின் வாசத்தையும் மறந்துவிடாதீர்கள். அடுத்த நாள் காலை அந்தத் தம்பிக்கு வேறு ஓட்டம் இருக்கும், இரவிரவாக அவர்தான் கழுவ வேண்டும். பேசின வாடகையோடு கழுவுகிற கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.