புதிய வெளிச்சுவர்ப் பூச்சுக்கு எந்த பிரைமர்? இரண்டை அடித்துப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டின் பின்பக்க வெளிச்சுவருக்குப் புதிதாகச் சிமெண்ட் பூச்சு பூசியபின், ஒரு பாதிக்கு உள்சுவர், வெளிச்சுவர் இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொது பிரைமரையும் (பெயிண்டுக்கு அடியில் முதலில் அடிக்கும் பூச்சு), மறு பாதிக்குக் காரத்தைத் தாங்கும் அக்ரிலிக் பிரைமரையும் அடித்து, இரண்டின் மேலும் ஒரே எமல்ஷன் பெயிண்டை இரண்டு கோட் கொடுத்தோம். ஓராண்டு வெயிலையும் மழையையும் சுவர் கண்டுவிட்ட நிலையில், இரண்டாவதையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

பாதிக்கு ஒன்றாக இரண்டு சன்னல்கள் இருப்பது ஒப்பிட வசதியாயிற்று. பொது பிரைமர் அடித்த பக்கத்துச் சன்னலின் கீழே, மழைநீர் வழிந்த தடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நிறம் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டுகிறது, நகத்தால் நெருடினால் பெயிண்ட் பிரைமரோடு சேர்ந்து சுருண்டு வருகிறது. மற்றப் பக்கத்துச் சன்னலின் கீழும் அதே அளவு தண்ணீர்தான் வழிந்தது. அங்கே அழுக்குக் கோடு தவிர வேறொன்றுமில்லை.

காரணம் சிமெண்டிலேயே இருக்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாவதால், புதுப் பூச்சின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12, 13 வரை போகும். சுவருக்குள் இருக்கும் ஈரம் அந்தக் காரத்தையும் கரையும் உப்புகளையும் வெளியே இழுத்துவர, உப்பு சுவரின் மேல் பூக்கிறது, காரம் தாங்காத நிறமிகள் வெளுக்கின்றன. எண்ணெய் சார்ந்த பிரைமராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: காரம் எண்ணெயைச் சோப்பாகவே மாற்றிவிடுவதால் பிடிப்பு அடியோடு போய்விடும். ஆகவே டப்பாவில் முதலில் தேட வேண்டியது, எந்த பி.எச். வரை தாங்கும் என்ற விவரத்தைத்தான். நாங்கள் வாங்கியதில் 13 என்று இருந்தது. பொது பிரைமரில் அப்படி ஓர் எண்ணே இல்லை, அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நல்ல பிரைமரும் ஈரச் சுவரைக் காப்பாற்றாது. பூச்சுக்குத் தண்ணீர் விட்டு ஆற்றும் நாட்களையும் சேர்த்து 28 நாட்கள் விடுவது வழக்கம். மழைக்காலமானால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஓர் இரவு விட்டுவைத்தோம். காலையில் தாளின் உட்புறம் நீர் முத்து கோத்திருக்கவே, பத்து நாள் தள்ளிப்போட்டோம். பிறகு காய்ச்சி வடித்த நீரால் சுவரை நனைத்து பி.எச். தாளை வைத்துப் பார்த்தபோது 11க்கும் 12க்கும் நடுவே காட்டியது. ஓதம் போனாலும் காரம் போவதில்லை என்பதை நேரில் கண்டது அன்றுதான்.

குறையும் சொல்ல வேண்டும். சொரசொரப்பான பூச்சில் இந்த பிரைமர் டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவுக்கு வரவில்லை. குழிகளில் ரோலர் எட்டாததால் பிரஷ்ஷால் குத்திக் குத்தி அடிக்க வேண்டியிருந்தது. நேர்வெயிலில் சட்டென்று காய்ந்து, விட்ட இடத்தில் தொடரும்போது தடம் விழுகிறது. நிழல் விழும் பக்கத்தைத் தொடர்ந்து வேலை செய்தபின் அது நின்றது.

உரிந்த பாதியைச் சுரண்டி, பூத்த உப்பைத் தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுத்துவிட்டு, அங்கும் இதே பிரைமரை அடிக்கவிருக்கிறோம்.